பழைய நண்பருக்கு ஒரு போன் செய்ய ஏன் கை வருவதில்லை?

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் போனில் ‘ரூம் 14’ என்று ஒரு நம்பர் இருக்கிறது. கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவன் அப்பா அரசு பஸ் கண்டக்டர். எங்கள் ஊர் வழியாக டூட்டி விழும் நாட்களில், பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில் ஓட்டமும் நடையுமாக விடுதி வாசலுக்கு வந்துவிடுவார். கையில் தூக்குவாளி, உள்ளே புளியோதரை, மேலே வாழையிலைக் கிழிசல் போட்டு மூடியிருக்கும். “ரெண்டு பேருக்கும்தாம்ப்பா” என்று சொல்லித்தான் கொடுப்பார். ஒரு முறைகூட மகனுக்கு மட்டும் என்று கொண்டுவந்ததில்லை.

2013 நவம்பரில் அவர் இறந்துபோனார். அப்போது நான் புனேயில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். லீவு கேட்கப் பயம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. போனிலாவது பேசியிருக்கலாம். நேரில் போகாமல் போனில் துக்கம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து அதையும் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தோன்றியது. அடுத்த பொங்கலுக்கு அந்தக் கூச்சம் இரண்டு மடங்கானது. இப்படியே 12 வருடம் போய்விட்டது. அவன் எனக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. சண்டையும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இதை இப்போது எழுதக் காரணம் போன வாரம் படித்த ஓர் ஆய்வு. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் லாரா அக்னின், பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், இரண்டு பேரும் சேர்ந்து 2024-ல் வெளியிட்டது. தொடர்பு விட்டுப்போன நண்பரை மறுபடி கூப்பிட மனிதர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. மொத்தம் ஏழு ஆய்வுகள், 2,400-க்கும் மேற்பட்டோர். ஒரு கட்டத்தில், பங்கேற்றவர்களை உட்காரவைத்து, பழைய நண்பர் ஒருவரை நினைத்து மெசேஜ் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நண்பரோடு பேச இவர்களுக்கு ஆசை இருக்கிறது, அவரும் சந்தோஷப்படுவார் என்று நம்புகிறார்கள், நம்பர் கையில் இருக்கிறது, எழுத நேரமும் கொடுத்தாகிவிட்டது. அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மற்றவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் டிராஃப்டிலும் மூன்று மெசேஜ் கிடக்கிறது. எல்லாம் “டேய் எப்படி இருக்க” என்று தொடங்கி அங்கேயே நிற்கிறது.

தயக்கத்துக்கு அவர்கள் சொன்ன காரணங்கள்: அவருக்கு நம்மோடு பேச விருப்பம் இருக்காதோ என்ற பயம், பேச்சு சங்கடமாகிவிடுமோ என்ற எண்ணம், இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு. எனக்கு மூன்றும் இருக்கிறது, மூன்றாவது கொஞ்சம் கூடுதலாக.

இங்கே யாராவது இப்படி நீண்ட இடைவெளிக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறீர்களா? முதல் வாக்கியம் என்ன சொன்னீர்கள்? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

---

மஞ்சள்பை
ஞாயிறு, இரவு 10:41

அண்ணா, எனக்கு 24 வயதுதான், எனக்கே இப்படி ஒருத்தி இருக்கிறாள். பிளஸ் டூவில் ஒன்றாகப் படித்தோம். அவளுக்கு மெடிக்கல் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. வாழ்த்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆறு வருடமாக அவள் ஸ்டேட்டஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

---

புள்ளிக்கோலம்
ஞாயிறு, இரவு 11:15

வைகைக்கரை அண்ணா, நான் உளவியல் ஆராய்ச்சி மாணவி. நீங்கள் சொன்ன கட்டுரையை எங்கள் துறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அதில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, உங்களுக்கு உதவும்.

ஒன்று. நாம் இப்போது என்னென்ன செய்யத் தயாராக இருக்கிறோம் என்று கேட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். பழைய நண்பருக்கு மெசேஜ் அனுப்புவதற்கு இருந்த விருப்பம், முன்பின் தெரியாத ஆளோடு பேசுவதற்கும் குப்பை பொறுக்குவதற்கும் இருந்த விருப்பத்தைவிட அதிகமாக இல்லை. காலம் போகப்போக நண்பர் நமக்கு அந்நியராகத் தெரிய ஆரம்பிக்கிறார் என்பது அவர்கள் கருத்து. எனக்கு இது மனதைத் தைத்தது. நான்கு வருடம் ஒரே அறையில் தூங்கி எழுந்தவர், மனசுக்குள் எதிர்சீட்டுப் பயணி மாதிரி ஆகிவிடுகிறார்.

இரண்டாவதுதான் முக்கியம். “இப்படி அனுப்பினால் நண்பர் ரொம்ப சந்தோஷப்படுவார்” என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. கடைசி ஆய்வில் வழியை மாற்றினார்கள். ஒரு பாதிப் பேரை முதலில் மூன்று நிமிடம், இப்போது பழக்கத்தில் இருக்கும் நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள். இன்னொரு பாதிப் பேர் அந்த மூன்று நிமிடமும் சமூக ஊடகத்தைப் புரட்டினார்கள். அப்புறம் இரண்டு குழுவிடமும் பழைய நண்பருக்கு அனுப்பச் சொன்னபோது, முதல் குழுவில் 53 சதவீதம் பேர் அனுப்பினார்கள், மற்றதில் 31 சதவீதம். அதாவது புத்திமதி கேட்காத கை, பழக்கத்துக்குக் கேட்கிறது. கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பதைப் போல.

இதையும் சொல்லிவிட வேண்டும். இவை பெரும்பாலும் கனடா, அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் செய்த ஆய்வுகள். நம் ஊரில் ‘துக்கத்துக்கு வரவில்லை’, ‘பத்திரிகை வைக்கவில்லை’ என்பதெல்லாம் எவ்வளவு ஆழமான வடு என்று அந்தக் கேள்வித்தாளில் இருக்காது. அவர்கள் அளந்தது மெசேஜ் அனுப்பினார்களா என்பதைத்தான், நட்பு திரும்ப வந்ததா என்பதை இல்லை.

ஆனால் அனுப்பியதை வாங்கிக்கொண்டவர் பக்கம் வேறு ஆய்வு இருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூவும் மற்றவர்களும் 2022-ல் வெளியிட்டது, 5,900-க்கும் மேற்பட்டோர். சும்மா ஒரு விசாரிப்பு, ஒரு சின்னக் குறிப்பு, சில ஆய்வுகளில் சிறு பரிசு. அனுப்பியவர்கள், ‘இதையெல்லாம் அவர் பெரிதாக நினைக்கமாட்டார்’ என்று எடைபோட்டதைவிட, வாங்கியவர்கள் அதிகமாக மகிழ்ந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் வந்தது என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடுதல். நாம் அனுப்பும்போது நம் வார்த்தை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். வாங்குகிறவர், அட, என்னை நினைத்திருக்கிறாரே என்று பார்க்கிறார். அந்த ‘அட’ நம் கணக்கில் வருவதே இல்லை.

---

தபால்காரர்
திங்கள், காலை 5:50

வைகைக்கரை தம்பிக்கு,

நான் 34 வருடம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சைக்கிளில் போய்க் கொடுத்தது. முதல் வாக்கியம் என்ன என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியே கிடையாது தம்பி. இன்லேண்ட் லெட்டரை எடுத்தால் மேலே ஊர், தேதி. அடுத்தது, ‘நலம். நலமறிய ஆவல்.’ யார் யாருக்கு எழுதினாலும் இதுதான். மாதம் தவறாமல் எழுதுகிறவரும் இதையே எழுதுவார், ஏழு வருடம் கழித்து எழுதுகிறவரும் இதையே எழுதுவார். இடையில் எத்தனை நாள் போயிற்று என்பதை அந்த மூன்று வார்த்தை கேட்பதே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். “என்ன எழுதணும்?” என்று கேட்டால் பாட்டி விழிக்கும். ‘நலம், நலமறிய ஆவல்’ எழுதியாச்சு என்று வாசித்துக் காட்டியதும் அடுத்தது தானாக வரும். எருமை கன்று போட்டது, தெற்குத் தெரு வேலு செத்துப்போனான், மழை இல்லை, எல்லாம் வரும்.

இப்போது போனில் அந்த வாசல்படி இல்லை. “எப்படி இருக்க” என்று அடித்தாலே, ஏன் திடீரென்று கேட்கிறான், பணம் கேட்கப்போகிறானா, கல்யாணப் பத்திரிகையா என்று எதிராளிக்குத் தோன்றுமோ என நாமே நினைத்துக்கொள்கிறோம். அதுதான் உங்கள் மூன்று டிராஃப்டும் அங்கேயே நிற்கிறது.

என் யோசனை இது. அவன் அப்பாவை வைத்து ஆரம்பியுங்கள். அந்தத் தூக்குவாளியை வைத்து ஆரம்பியுங்கள். உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

---

கரிசல்மண்
திங்கள், காலை 8:30

எல்லோரும் ஒரே பக்கமாகச் சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

நண்பன் ஒருவன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று என்னிடம் 40,000 வாங்கினான். 2016-ல். மூன்று மாதத்தில் தருகிறேன் என்றான். அதற்கப்புறம் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. பஜாரில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறான். நான் போய் அவனுக்கு “நலமறிய ஆவல்” என்று அனுப்ப வேண்டுமா? விட்டுப்போனது சிலது விட்டுப்போனதாகவே இருக்கட்டும். எல்லா நட்பையும் தூசி தட்டி எடுக்கவேண்டும் என்று ஆய்வு சொன்னால் அந்த ஆய்வு எங்கள் பஜாரைப் பார்க்கவில்லை.

---

புள்ளிக்கோலம்
திங்கள், காலை 9:05

கரிசல்மண் ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், ஆய்வும் அதற்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. மறுபடி பேச ஆசைப்படுகிற நண்பர், அவரும் பேச விரும்புவார் என்று நினைக்கிற நண்பர், இப்படிப்பட்ட ஒருவரைத்தான் நினைக்கச் சொன்னார்கள். ஏமாற்றியவர், அடித்தவர், அவமானப்படுத்தியவர் இந்தக் கணக்கில் இல்லை. அப்படிப்பட்டவர்களை விட்டு விலகி இருப்பதும் ஆரோக்கியம்தான்.

---

ஆனையிறவு
திங்கள், மாலை 7:12

வணக்கம். நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

எனக்கும் ஒரு சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். ஒரே சைக்கிளில் போய் வந்தோம், ஏற்றத்தில் அவள் மிதிப்பாள், இறக்கத்தில் நான். 1995 ஒக்டோபர் கடைசியில் முழு யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக நின்றோம். அவளுடைய குடும்பம் எங்களுக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். பிறகு அவர்கள் வன்னிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் கொழும்புக்கு வந்து, 98-ல் இங்கே வந்து சேர்ந்தோம்.

மேலே நீங்கள் எழுதிய மூன்று காரணமும் எனக்கு இருக்கவில்லை. கூச்சம் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. எனக்கு இருந்தது வேறொன்று. 2009-ல் போர் முடிந்த பிறகு அவளைத் தேடப் பயமாக இருந்தது. தேடாமல் இருந்தால் அவள் எங்கேயோ இருக்கிறாள். தேடினால், இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒன்பது வருஷம் அந்தப் பயத்தில் யாரையும் கேட்கவில்லை. உங்கள் ஆய்வுக்காரர்கள் இதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ள வேண்டும் பிள்ளை. போர் நடந்த இடத்துச் சனத்திடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லுவினம்.

2018-ல் பழைய மாணவியர் குழு ஒன்றில் யாரோ ஒரு படம் போட்டார்கள். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. ஓரத்தில் சேலை கட்டிக்கொண்டு ஒரு ரீச்சர் நிற்கிறா. நிற்கிற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கையை இடுப்பில் குத்தித் தலையைச் சரித்து நிற்பாள், 16 வயதிலும் அப்படித்தான்.

நம்பர் கிடைத்து எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்கிறாள், “நீ இப்பவும் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைத் தோலோடயே சாப்பிடுறியா?”

23 வருஷம். அதைத்தான் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அழுததைப் பற்றி எழுதத் தேவையில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். அவளுக்கு அது இரவு, எனக்குக் காலை.

தம்பி, உங்கள் சிநேகிதன் இருக்கிறார். நம்பர் இருக்கிறது. எடுங்கோ.

---

வைகைக்கரை
திங்கள், இரவு 9:30

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி.

---

மஞ்சள்பை
திங்கள், இரவு 9:48

புள்ளிக்கோலம் அக்கா, ஒரு சந்தேகம். போன் செய்வதா மெசேஜ் அனுப்புவதா? எனக்குப் போன் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. டெலிவரி அண்ணன் கூப்பிட்டால்கூட அடித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

---

புள்ளிக்கோலம்
திங்கள், இரவு 10:30

இதற்கும் ஆய்வு உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமித் குமாரும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் எப்லியும் 2021-ல் வெளியிட்டார்கள். 200 பேரிடம், பழைய நண்பரோடு பேசினால் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். போனில் பேசினால் நெருக்கம் அதிகமாக இருக்கும், ஆனால் சங்கடமும் அதிகமாக இருக்கும், ஆகவே மின்னஞ்சலே தேவலை என்றார்கள். அப்புறம் குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் போனிலும் பாதிப் பேரை மின்னஞ்சலிலும் பேசவைத்தார்கள். போனில் பேசியவர்களுக்கு நெருக்கம் நிஜமாகவே கூடுதல். சங்கடம் கூடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்ஸரும் அவருடைய குழுவும் 2010-ல் செய்தது. 7 முதல் 12 வயது வரையுள்ள 61 சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் நின்று பேசவைத்து, கணக்குப் போடவைத்து, நன்றாகப் பதறவிட்டார்கள். அதன் பிறகு சிலரை அம்மா வந்து கட்டிக்கொண்டார். சிலரிடம் அம்மா போனில் மட்டும் பேசினார். மற்றவர்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். போனில் குரல் கேட்ட குழந்தைகளுக்கும், அம்மா தொட்டு அணைத்த குழந்தைகளைப் போலவே, பதற்றத்தின் ஹார்மோனான கார்டிசால் தணிந்தது, நெருக்கத்தின் ஹார்மோனான ஆக்சிடோசின் கூடியது. இரண்டு வருடம் கழித்து அம்மாக்களை மெசேஜில் ஆறுதல் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். அதே அம்மாதான், ஆறுதலும் அவர் சொன்னதுதான். ஆனால் மெசேஜ் வந்த குழந்தைகளின் ஹார்மோன் அளவுகள், அம்மாவோடு பேசவே பேசாத குழந்தைகளின் அளவுகளைப் போலத்தான் இருந்தன. சின்ன ஆய்வுதான், குழந்தைகளிடம் செய்தது, அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சட்டம் போட முடியாது. ஆனால் குரலில் ஏதோ இருக்கிறது.

உனக்கு என் யோசனை: வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. பத்து வினாடி போதும். நாளைக்குக் காலையில் முதலில் உன் அம்மாவுக்கு ஒன்று, கூட வேலை பார்க்கிற தோழிக்கு ஒன்று, அப்புறம் அவளுக்கு.

---

நாற்றங்கால்
செவ்வாய், பிற்பகல் 2:10

நான் டெல்டா பகுதியில் மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆலோசகராக வேலை செய்கிறேன். நல்ல இழை. நான் பார்க்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் தயக்கத்தால் போன் செய்யாதவர்களும் இருப்பார்கள், முடியாததால் செய்யாதவர்களும் இருப்பார்கள். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மனச்சோர்வு வந்தவருக்கு முதலில் அறுந்துபோவது ஆட்களோடு உள்ள தொடர்புதான். எங்களிடம் வருகிறவர்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். தூக்கம் இல்லை என்பார்கள், உடம்பெல்லாம் அசதி, தலை பாரம், நெஞ்சில் கல் வைத்தது மாதிரி என்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால், “யார் போன் பண்ணாலும் எடுக்கத் தோணலை சார்” என்பது வரும். ஒரு அம்மா வாரக்கணக்கில் சொந்த அண்ணன் போனையே எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. எடுத்தால் “நல்லா இருக்கேன்” என்று சொல்லவேண்டுமே, அதற்குத் தெம்பில்லை என்றார்.

ஆகவே நீங்கள் மெசேஜ் அனுப்பிப் பதில் வரவில்லை என்றால் உடனே ‘அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். பத்து நாள் கழித்து இன்னொன்று அனுப்புங்கள், பதில் கேட்காத மாதிரி. “இன்றைக்கு உன் ஞாபகம் வந்தது, பதில் போடவேண்டும் என்று இல்லை” என்கிற அளவுக்கு. அதை நாற்பது தரம் திறந்து பார்த்தேன் என்று சொன்னவர்கள் உண்டு.

அப்புறம், “மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்” என்று எல்லோரும் சொல்வோம். சிகிச்சையில் நாங்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். முதலில் ஒரு சின்னச் செயல், மனசு பின்னால் வரும். கோவாவில் சங்கத் என்ற அமைப்பு 495 மனச்சோர்வு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் டாக்டர்களோ உளவியல் படித்தவர்களோ கிடையாது, பயிற்சி கொடுத்துத் தயாரித்த உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு அமர்வு. வாசலில் கொஞ்ச நேரம் உட்காருவது, நடப்பது, அக்காவுக்குப் போன் போடுவது, இப்படி அவரவருக்குப் பொருந்தும் வேலைகளைக் குறித்துக் கொடுத்துச் செய்யவைப்பதுதான் அடிப்படை. மூன்று மாதத்தில் அந்தக் குழுவில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த குழுவில் 39 சதவீதம். நான் படித்த ஆய்வுகளில் என் வேலையை மாற்றியது இதுதான். நீங்கள் மேலே எழுதிய மூன்று நிமிடப் பயிற்சியைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு தூக்கம் கெட்டுப்போகிறது என்றால், அது நட்பு விஷயம் மட்டும் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

---

தபால்காரர்
செவ்வாய், மாலை 4:40

நாற்றங்கால் சொன்னது நூற்றுக்கு நூறு. மனைவி போன பிறகு ஒரு வருடம் நானும் யாருடைய போனையும் எடுக்கவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர் தினமும் காலையில் ஒரு கோலத்தின் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டு வாசல் கோலம்தான். நான் பதில் போட்டதில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. ஒருநாள் படம் வரவில்லை. பதறிப்போய் நானே கூப்பிட்டேன். மழை பெய்தது, கோலம் போடவில்லை என்றார்.

---

கரிசல்மண்
செவ்வாய், இரவு 8:15

நேற்று நான் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். பணத்தை நான் எப்போதோ கைகழுவிவிட்டேன், அது நிஜம். பஜாரில் எதிர்ப்பக்கம் போகிறானே, அதுதான் தாங்கவில்லை. 20 வருடம் ஒரே டீக்கடையில் நின்றவர்கள்.

அவனுக்கு நான் எழுதமாட்டேன். ஆனால் அவன் எனக்கு எழுதினால் எடுப்பேன். வைகைக்கரை, உங்கள் நண்பர் மனதில் என்ன இருக்கும் என்று கேட்டீர்களானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கோபம் இருக்கலாம். அதோடு சேர்ந்து, இவன் ஒரு தடவை வந்து நின்றால் போதுமே என்பதும் இருக்கும்.

---

வைகைக்கரை
புதன், இரவு 11:50

பேசிவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பைக்கில் ஏறும் முன் புள்ளிக்கோலம் சொன்னபடி செய்தேன். சித்தி மகனுக்கு ஒரு மெசேஜ், கூட வேலை பார்க்கிறவருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அப்படியே கை போனபோக்கில் ரூம் 14-ஐ அழுத்திவிட்டேன். முழுதாக அடித்து நின்றது. எடுக்கவில்லை. சரி, அவ்வளவுதான் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

9:50-க்கு அவனே கூப்பிட்டான். நான் எதுவும் சொல்வதற்குள், “என்னடா, எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல?” என்று பதறிக் கேட்டான். 12 வருடம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றால் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்திருக்கிறான். அவன் என்னிடம் காட்டிய முதல் உணர்ச்சி கோபமாக இல்லை, என் வீட்டாரைப் பற்றிய கவலையாக இருந்தது. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

ஐயா சொன்ன மாதிரி தூக்குவாளியிலிருந்துதான் ஆரம்பித்தேன். புளியோதரை, வாழையிலை, “ரெண்டு பேருக்கும்தாம்ப்பா”. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்தப் பத்து நிமிஷம் வண்டி லேட்டானதுக்கு ஒரு தடவை மெமோ வாங்கினாருடா, தெரியுமா?” என்றான். எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

வராமல் போனதைப் பற்றி நானே எடுத்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. வந்திருக்கவேண்டும், வரவில்லை, அதற்கப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “வருத்தம்தான்டா. அன்னைக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றான். அது வலித்தது. அவன் பூசி மெழுகியிருந்தால் இன்னும் அதிகமாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா இருக்கிறார்களாம். முழங்கால் வலி, அதிகம் நடக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். ஐயா, ஒன்று கேட்கவேண்டும். இத்தனை வருடம் கழித்து எப்படிப் போவது? துக்கம் கேட்கப் போகிற மாதிரி வெறுங்கையோடு போவதா?

---

தபால்காரர்
வியாழன், காலை 5:30

தம்பி, துக்கம் விசாரிக்கக் கெடு என்று எதுவும் இல்லை. ஆனால் இப்போது அது துக்க வீடும் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் அந்த அம்மாவிடம் போய் உட்காருங்கள், அவர் அழுதால் அழட்டும், நீங்கள் ஏதும் சொல்லவேண்டாம். துக்க வீட்டில் சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பார்கள். நீங்கள் கிளம்பும்போது, போயிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

---

மஞ்சள்பை
வியாழன், இரவு 10:05

நானும் அனுப்பிவிட்டேன். வாய்ஸ் மெசேஜ், பதினான்கு வினாடி. “அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாழ்த்துகள்டி” என்று. நீல டிக் வந்து நாலு மணி நேரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. ஹவுஸ் சர்ஜன் டூட்டியில் இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

---

ஆனையிறவு
வியாழன், இரவு 10:31

நல்ல காரியம் செய்தீர்கள் பிள்ளை. பதில் வந்தால் இங்கே எழுதுங்கோ.